பி.ஏ. படிக்கும்போதே வரலாறு எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதம், மெயில், வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல காலேஜ் பசங்க கேட்டதுதான். எல்லாமே ஒரே விஷயத்தை சுத்தித்தான், யூஜி படிக்கறப்பவே சொந்தமா வரலாற்று ஆராய்ச்சி பண்ணலாமா, பண்ணா எங்க பப்ளிஷ் பண்றதுன்னு. அதனால கோயில், திருவிழா பத்தின மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு முழுசும் இதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். நான் பி.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம். ஆராய்ச்சி பண்ண ஆசையா இருக்குன்னு சொன்னா, "அதெல்லாம் பிஎச்.டி.காரங்க வேலை, நீ முதல்ல அரியர் இல்லாம பாஸ் பண்ணு"ன்னு டிபார்ட்மெண்ட்ல சொல்லிட்டாங்க. எங்களால நிஜமாவே புதுசா எதுவும் சொல்ல முடியாதா?
– மாணவி, மேலூர்

பதில்: முடியும்மா, தாராளமா முடியும். அப்படி சொன்னவங்க மனசுல ஆராய்ச்சின்னா முன்னூறு பக்க தீசிஸ், பெரிய தியரின்னு இருக்கும்னு நினைக்கறேன். வரலாற்றுல புதுசுங்கறது பெரும்பாலும் அப்படி வர்றதே இல்ல. இதுவரைக்கும் யாரும் உக்காந்து படிக்காத ஒரு காகிதத்தையோ கல்லையோ ஒழுங்கா படிச்சு, அதுல இருக்கறதை இன்னொருத்தர் சரிபார்க்கற மாதிரி ஆதாரத்தோட எழுதுனா அதுவே புதுசுதான், எழுதுனவங்க பி.ஏ.வா பிஎச்.டி.யான்னு அந்த ஆதாரம் கேக்காது.

உங்க ஊர் பக்கத்து மாங்குளத்தையே எடுத்துக்கங்க. அந்த மலைக் குகையில இருக்கற தமிழி (தமிழ் பிராமிங்கற பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டை ராபர்ட் சீவெல்ங்கற வெள்ளைக்கார அதிகாரி 1882-லயே பாத்துட்டார், ஆனா என்ன எழுதியிருக்குன்னு சொல்ல ஆள் இல்ல. 1924-ல கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இந்த மாதிரி குகை எழுத்துல இருக்கறது தமிழ்னு எடுத்துக் காட்டுனார். அப்புறம் 1960கள்ல ஐராவதம் மகாதேவன் மறுபடி படிச்சப்பத்தான் கணிநந்தாசிரியன்ங்கற சமணத் துறவிக்கு குடுத்த தானம், அதுல வர்ற பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பேரு எல்லாம் தெளிவாச்சு. மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, வரலாற்றுத் துறை பேராசிரியர் கிடையாது. கல்லு எண்பது வருஷமா அதே இடத்துலதான் இருந்துச்சு. அதுக்காக நாளைக்கே தமிழி எழுத்துல கை வைங்கன்னு சொல்லல, அதுக்கு தனி பயிற்சி வேணும்.

உங்களுக்கு ஏத்த மாதிரி ஒரு தலைப்பு சொல்றேன். பெரியாறு அணை 1895-ல தண்ணி விட்டுச்சு, அந்த கால்வாய் மேலூர் வரைக்கும் வருது. அணைக்கு முன்னாடி இந்த மாவட்டம் எப்படி இருந்துச்சுன்னு ஜே.எச். நெல்சன் 1868-ல எழுதி வச்சிருக்கார், அணைக்கு அப்புறம் எப்படி இருந்துச்சுன்னு டபிள்யூ. பிரான்சிஸ் 1906 கெசட்டியர்ல (மாவட்ட விவரப் புத்தகம்) எழுதியிருக்கார், நடுவுல 1876–78 பெரும் பஞ்சம் வேற இருக்கு. ரெண்டு புத்தகத்துலயும் மேலூர் பகுதியை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. அது வெள்ளைக்கார அதிகாரிங்க மேல இருந்து பாத்த பார்வை, அதோட நிறுத்தாம உங்க ஒரே ஒரு கிராமத்தை எடுத்து, அங்க கண்மாய் ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணி பாயற நிலம்) எது, கால்வாய்ப் பாசனம் எது, புஞ்சையா இருந்தது எது நஞ்சையாச்சுன்னு நிலப் பதிவேட்டை வச்சு பாருங்க. வி.ஏ.ஓ. ஆபீஸ் அ-பதிவேட்டுல இப்போதைய சர்வே நம்பர், பழைய சர்வே நம்பர், மண் தரம், தீர்வை எல்லாம் வரிசையா இருக்கும், அதைப் பிடிச்சு வெள்ளைக்காரன் காலத்துல நிலத்தை அளந்து வரி போட்ட பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கு போகலாம். ஊர்ப் பெரியவங்ககிட்ட மடை பேரு, வயல் பேரு கேட்டு எழுதுங்க. அணை கட்டுன பென்னிகுக் பத்தி ஆயிரம் பேர் எழுதிட்டாங்க, உங்க ஊர் கண்மாய்க்கு பெரியாறு தண்ணி வந்ததால யாருக்கு என்ன ஆச்சுன்னு ஊர் ஊரா எழுதுனவங்க ரொம்ப கொஞ்சம்.

கேள்வி: ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு "நாயக்கர் கால மதுரை"ன்னு தலைப்பு குடுத்திருக்கேன் சார். கைடு ஓகே சொல்லிட்டார். நல்ல தலைப்புதானே?
– மாணவன், தெற்குவாசல், மதுரை

பதில்: தம்பி, அது தலைப்பு இல்ல, ஒரு லைப்ரரி. மூணு மாசத்துல அதை எழுதணும்னா ஏற்கனவே இருக்கற நாலு புத்தகத்தை கலக்கி திரும்ப எழுதறதைத் தவிர உங்களுக்கு வேற வழியே இருக்காது. கைடுகிட்ட பேசி சுருக்குங்க, ரொம்ப சுருக்குங்க. ஒரு தெரு போதும்.

தெருன்னு சும்மா சொல்லல. பிளாக்பர்ன் கலெக்டரா இருந்தப்ப, 1840கள் வாக்குல, மதுரைக் கோட்டையை இடிச்சு அகழியைத் தூர்த்தாங்க. அதுல உண்டான தெருவுக்குத்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு அந்த வேலையில இருந்தவங்க பேரே நின்னு போச்சு. இதுவரைக்கும் எல்லாரும் எழுதிட்டாங்க. அதுக்கு அப்புறம் அந்தத் தெருவுல யாரு வந்து குடியேறுனாங்க, என்ன தொழில் பண்ணாங்க, வீடு யார் கையிலருந்து யார் கைக்கு போச்சு, அதுதான் ஆராய்ச்சி.

அதுக்கு ஆதாரம் வீட்டு பீரோவுலயே இருக்கு, பழைய கிரயப் பத்திரம். ஒரு பத்திரத்தை எடுத்து நிதானமா படிச்சுப் பாருங்க. மேல ராஜா தலை போட்ட முத்திரை, கீழ எழுதிக் குடுக்கறவர் இன்னார் குமாரர் இன்னார், எந்தத் தெருவுல வாசம், என்ன சாதி, "நெசவு ஜீவனம்" "வியாபார ஜீவனம்"னு தொழில் வரைக்கும் இருக்கும். அடுத்து எதுக்காக விக்கறார்னு காரணம், பழைய கடனை அடைக்கவா, மக கல்யாணத்துக்கான்னு பல பத்திரத்துல அதையும் எழுதியிருப்பாங்க. அப்புறம் ரூபாய் அணா பைசா கணக்கு, நாலு எல்லை சொல்ற செக்குபந்தி, அதுல வடக்க யார் வீடு தெற்க யார் வீடுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க பேரு, கடைசியில சாட்சி கையெழுத்து. கையெழுத்து போடத் தெரியாதவங்க பெருவிரல் ரேகை வச்சிருப்பாங்க. ஒரு பத்திரத்துல ஒரு வீட்டுக் கதைதான் தெரியும். ஆனா அதே தெருவுல முப்பது நாப்பது பத்திரம் சேத்துட்டீங்கன்னா செக்குபந்தியை ஒண்ணோட ஒண்ணு கோத்து தெரு மேப்பையே போட்டுரலாம். நெசவுக்காரங்க எந்தப் பத்து வருஷத்துல வித்துட்டு போனாங்க, யாரு வாங்குனாங்க, எந்த வருஷம் விலை கிடுகிடுன்னு ஏறுச்சு எல்லாம் அதுல வந்துரும். இது எந்தப் புத்தகத்துலயும் இல்லாத விஷயம்.

ஒண்ணு மறந்துராதீங்க, பத்திரம் குடும்பத்து சொத்து. சம்மதம் வாங்காம போட்டோ எடுக்காதீங்க, பாகப்பிரிவினை கேஸ் நடக்கற வீட்டுப் பத்திரத்துப் பக்கமே போகாதீங்க, உயிரோட இருக்கறவங்க பேரை கட்டுரையில போடாதீங்க.

கேள்வி: சென்னைக்கு போய் தங்கி ஆவணம் பாக்க வசதி இல்ல. மதுரையிலயே இருந்துக்கிட்டு என்ன பண்ணலாம்?
– மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: நிறையவே பண்ணலாம். தமுக்கத்துல 1959-லருந்து காந்தி மியூசியம் இருக்கு, அதோட லைப்ரரியும் இருக்கு, சுதந்திரப் போராட்டம் சம்பந்தமா எதுவா இருந்தாலும் அங்கருந்து ஆரம்பிங்க. 1901-ல பாண்டித்துரைத் தேவர் ஆரம்பிச்ச தமிழ்ச் சங்கம், அவங்க 1902-லருந்து கொண்டாந்த செந்தமிழ் இதழ், இதெல்லாம் நம்ம ஊர் சொத்து. நத்தம் ரோட்ல 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல உக்காந்து படிக்க இடமும் புத்தகமும் தாராளமா இருக்கு.

நெட்லயும் பாருங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல பழைய தமிழ்ப் புத்தகம், இதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. மேல சொன்ன நெல்சனும் பிரான்சிஸும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல கிடைப்பாங்க. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அபிலேக் படால்னு ஒரு போர்ட்டல் இருக்கு. சங்க இலக்கியம் வேணும்னா 1998 பொங்கல்லருந்து ஓடற மதுரைத் திட்டம்.

ஆனா ஒரு தடவையாவது எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு போய்ட்டு வாங்கம்மா, ரெண்டு மூணு பேரா சேந்து போனா செலவு குறையும். காலேஜ் லெட்டர், ஐடி கார்டு எடுத்துக்கங்க, என்னென்ன வேணும்னு முன்னாடியே போன் போட்டு கேட்டுக்கங்க. அங்க போய் "மதுரை பத்தி ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டா யாராலயும் எடுத்துத் தர முடியாது. வருஷவாரியா இருக்கற இன்டெக்ஸை பாத்து, எந்தத் துறை, அரசாணை நம்பர் என்ன, தேதி என்னன்னு குறிச்சு ஸ்லிப் எழுதிக் குடுக்கணும். இந்த மூணையும் நோட்டுல அன்னைக்கே எழுதிருங்க, கட்டுரை எழுதறப்ப அடிக்குறிப்புக்கு அதுதான் வேணும், ஊருக்கு வந்தப்புறம் ஒரு நம்பர் விட்டுப்போச்சுன்னா அந்தத் தகவலையே பயன்படுத்த முடியாம போயிரும்.

கேள்வி: எங்க ஊர் கண்மாய்க்கரையில எழுத்து வெட்டுன ஒரு கல்லு கிடக்கு. மாவு தடவுனா எழுத்து பளிச்சுன்னு தெரியும்னு பிரண்ட் சொல்றான். போட்டோ எடுத்து நியூஸ்ல போடலாமா?
– மாணவன், அலங்காநல்லூர்

பதில்: மாவு, சாக்பீஸ், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம் தம்பி, கம்பி பிரஷ் போட்டு தேய்க்கவே தேய்க்காதீங்க. அதெல்லாம் எழுத்துக்குள்ள போய் உக்காந்துக்கும், கல்லு அரிக்கும். காலையில இல்லைன்னா சாயங்காலம் வெயில் சாய்வா விழற நேரமா போங்க, உச்சி வெயில்ல தெரியாத எழுத்து அப்ப நிழல் விழுந்து தானா எந்திரிச்சு நிக்கும். இருட்டுனப்புறம்னா டார்ச்சை கல்லுக்கு ஒரு பக்கமா சாச்சு அடிங்க. மண்ணு மட்டும் மெதுவான பிரஷால தட்டிவிட்டு, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, நேரா நின்னு போட்டோ எடுங்க. கல்லு எவ்வளவு நீளம் அகலம், எத்தனை வரி, எந்தத் திசை பாத்து இருக்கு, யார் நிலத்துல கிடக்கு, எல்லாத்தையும் எழுதிக்கங்க. கல்லை புரட்டாதீங்க, வீட்டுக்கோ கோயிலுக்கோ தூக்கிட்டு வராதீங்க. நூறு வருஷம் தாண்டுன பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வந்துரும்.

நியூஸுக்கு அவசரப்படாதீங்க. அது ஏற்கனவே படிச்சு பதிஞ்ச கல்லான்னு முதல்ல பாக்கணும். இந்தியத் தொல்லியல் துறையோட கல்வெட்டு ஆண்டறிக்கை 1887-லருந்து வருது, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில பதினாலாவது முழுக்க பாண்டியர் கல்வெட்டு. "புதிய கண்டுபிடிப்பு"ன்னு பேப்பர்ல வந்தப்புறம் அது நூறு வருஷம் முன்னாடியே பதிவானதுன்னு தெரிஞ்சா உங்க அடுத்த கண்டுபிடிப்பையும் நம்ப மாட்டாங்க. மதுரையிலயே பாண்டிய நாட்டு வரலாற்று ஆய்வு மையம் இருக்கு, சாந்தலிங்கம், வேதாசலம் மாதிரி தொல்லியல் துறையில ஆயுசு முழுக்க கல்வெட்டு படிச்சவங்க இருக்கற ஊர் இது, இப்படிப்பட்டவங்ககிட்ட போட்டோவைக் காட்டி வாசிப்பை சரிபாருங்க. மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு கடிதம் எழுதிருங்க. நிஜமாவே புதுசுன்னா தமிழகத் தொல்லியல் கழகத்தோட ஆவணம் இதழ் இருக்கு, தொல்லியல் துறையோட கல்வெட்டு காலாண்டிதழ் இருக்கு, நாலு பக்கக் குறிப்பா எழுதி அனுப்பலாம். வாசிச்சுக் குடுத்தவர் பேரையும் கல்லைக் காட்டுன ஊர்க்காரர் பேரையும் அவங்க சம்மதத்தோட போடுங்க.

முறையா எழுதி வைக்கறது ஏன் முக்கியம்னு கீழடியைப் பாத்தா தெரியும். அங்க 2014-15-லதான் மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சுது. ஆனா 1970கள்லயே அந்த ஊர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் அங்க கிடைச்ச பொருளையெல்லாம் எடுத்து வச்சு துறைக்கு தகவல் சொல்லியிருக்கார். அவர் அன்னைக்கு முறையா எழுதி வச்சதுனால அது தகவலா நின்னுச்சு.

கேள்வி: எங்க அப்பத்தா பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு பத்தி நிறைய சொல்லும். அதை வச்சு ஆய்வுக் கட்டுரை எழுதலாமா, இல்ல செவிவழிக் கதைன்னு தள்ளிருவாங்களா?
– மாணவன், உசிலம்பட்டி

பதில்: எழுதுங்க, கண்டிப்பா எழுதுங்க. இன்னைக்கே போனை ஆன் பண்ணி ரெக்கார்ட் பண்ணுங்க. அப்பத்தாகிட்ட எதுக்குன்னு சொல்லி சம்மதம் கேட்டு, தேதி, இடம், அவங்க வயசு, பிறந்த ஊரு, வாக்கப்பட்ட ஊரு எல்லாத்தையும் முதல்லயே பதிஞ்சுக்கங்க. அவங்க சொல்ற சொல்லை திருத்தாதீங்க, "ரேகைச் சட்டம்"னு சொன்னா அப்படியே எழுதுங்க.

சம்பவம் நடந்தது 1920 ஏப்ரல் 3. குற்றப் பரம்பரைச் சட்டத்துல ஆம்பளைங்க எல்லாரும் பேரைப் பதிஞ்சு கைரேகை வைக்கணும்னு வந்தப்ப ஊரே மறுத்து நின்னுச்சு, போலீஸ் சுட்டுச்சு, செத்தவங்கள்ல மாயாக்காள்ங்கற பொம்பளையும் ஒருத்தர். உங்க அப்பத்தா அப்ப பிறந்திருக்கவே மாட்டாங்க, அதனால அவங்க சொல்றது நேர்ல பாத்த சாட்சி இல்ல, அவங்க மாமியாரோ அம்மாவோ சொல்லக் கேட்டது. யார் சொல்லி கேட்டாங்கன்னு அதையும் கேட்டு எழுதுங்க. அப்படி எழுதுனா யாரும் தள்ள முடியாது, ஏன்னா உங்க கேள்வியே வேற ஆயிருது. அன்னைக்கு என்ன நடந்துச்சுங்கறதுக்கு அரசாங்கக் கோப்பு ஒரு பக்கம் பேசும், அது சுட்டவங்க எழுதுன கோப்பு. அந்தச் சம்பவத்தை நூறு வருஷமா வீட்டுக்குள்ள பொம்பளைங்க எப்படி சொல்லிட்டு வர்றாங்க, எதை அழுத்தி சொல்றாங்க, எதை விட்டுர்றாங்கங்கறதை அந்தக் கோப்பு சொல்லாது. அது உங்களால மட்டும்தான் முடியும். பக்கத்து ஊர் அப்பத்தாமார் நாலஞ்சு பேர்கிட்டயும் கேளுங்க, கதை எங்க ஒத்துப்போகுது எங்க மாறுதுன்னு பாருங்க, அரசாணையையும் தேடி எடுங்க. ரெண்டும் முட்டிக்கிற இடத்தை மறைக்காம எழுதுங்க, கட்டுரைக்கு உயிரே அங்கதான் இருக்கும்.

கேள்வி: "உங்கள் கட்டுரையை 48 மணி நேரத்தில் சர்வதேச இதழில் வெளியிடுகிறோம், கட்டணம் 1,500 ரூபாய்"னு மெயில் வருது. கூட படிக்கற நாலு பேர் போட்டுட்டாங்க. நானும் போடவா?
– மாணவி, திருமங்கலம்

பதில்: போடாதீங்கம்மா. ரெண்டு நாள்ல ஒரு கட்டுரையை படிச்சு, அடிக்குறிப்பை சரிபாத்து, திருத்தம் சொல்ல யாராலயும் முடியாது, அப்ப அதை யாரும் படிக்கலைன்னு அர்த்தம். யாரும் படிக்காம அச்சாகறதுக்கு எதுக்கு 1,500 ரூபாய்? "யூஜிசி அங்கீகாரம்"னு போட்டிருப்பாங்க, ஆனா நல்ல இதழ்னு பட்டியல் போட்டு வச்சிருந்த கேர் லிஸ்டையே யூஜிசி 2025 பிப்ரவரியில நிறுத்திட்டாங்க. ஆசிரியர் குழுவுல யார் இருக்காங்க, அவங்க நிஜமாவே வரலாற்றுல எழுதுனவங்களா, பழைய இதழ்ல என்ன மாதிரி கட்டுரை வந்திருக்குன்னு பாருங்க, வரலாறும் வேதியியலும் நர்சிங்கும் ஒரே இதழ்ல வந்திருந்தா மூடி வச்சிருங்க.

நல்ல வழி மெதுவாத்தான் இருக்கும். முதல்ல உங்க காலேஜ் ஆண்டு மலர்லயோ துறை கருத்தரங்குலயோ வாசிங்க, நாலு பேர் கேள்வி கேக்கட்டும். அப்புறம் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை, 1935-லருந்து நடக்கற இந்திய வரலாற்றுப் பேரவை மாதிரி அமைப்புங்களோட மாநாட்டுல மாணவர் கட்டுரை வாசிக்க என்ன விதின்னு கேட்டு, ஒரு ஆசிரியர் துணையோட அனுப்பிப் பாருங்க. அங்க உறுப்பினர் கட்டணம் இருக்கும், அது வேற, அந்தக் காசுக்கு உங்க கட்டுரையை இந்தத் துறையில இருக்கறவங்க உக்காந்து கேப்பாங்க.

கேள்வி: நான் எழுதுன கட்டுரையில முதல் பேரா தன் பேரை போடச் சொல்றார் கைடு. என்ன பண்ண?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: உங்க சங்கடம் புரியுது, இன்டர்னல் மார்க் அவர் கையில இருக்கு. ஆனா ஆவணத்தை தேடுனது, படிச்சது, எழுதுனது நீங்கன்னா முதல் பேரு உங்களுதுதான். அவர் நிஜமாவே கூட உக்காந்து எழுதியிருந்தா ரெண்டாவது பேரா வரலாம், வழிகாட்டுனதுக்கு நன்றிக் குறிப்பு இருக்கு. "சார், நான் முதல்ல வர்றேன், நன்றியில உங்களைப் பத்தி விரிவா எழுதறேன்"னு மரியாதையா மெயில்ல கேளுங்க, எழுத்துல இருக்கட்டும். நோட்டு, ஆவணப் போட்டோ, முதல் ட்ராஃப்ட் எல்லாம் தேதியோட பத்திரமா வச்சுக்கங்க. ஒத்துக்கலைன்னா துறைத்தலைவர்கிட்ட சொல்லுங்க, அதுவும் முடியலைன்னா டிகிரி முடியற வரைக்கும் அந்தக் கட்டுரையை அனுப்பாம வைங்க. பழைய ஆவணத்துல எழுதுன கட்டுரை ஒரு வருஷத்துல கெட்டுப்போகாது.

கேள்வி: பையன் பி.ஏ. வரலாறு எடுத்துட்டு லீவு விட்டா மலை மலையா சுத்தறான். இதனால வேலை கிடைக்குமா?
– தாய், வாடிப்பட்டி

பதில்: கட்டுரை வந்ததுனால மட்டும் வேலை கிடைச்சிராதும்மா, அது உண்மை. டிஎன்பிஎஸ்சி-க்கு தனியா படிக்கத்தான் வேணும். ஆனா தொல்லியல் துறை, மியூசியம், ஆவணக் காப்பகம், பத்திரிகை இங்கெல்லாம் பழைய ஆவணம் படிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு உண்டு, எம்.ஏ. சேர்றப்பவும் உதவும். சுத்தட்டும்மா, தண்ணி பாட்டில் குடுத்து விடுங்க, தனியா மட்டும் மலை ஏற வேண்டாம்னு சொல்லுங்க.

கேள்வி: ஏஐகிட்ட கேட்டு ஆதாரம் எடுக்கலாமா? இங்கிலீஷ்ல எழுதுனாத்தான் மதிப்பா?
– மாணவன், சோழவந்தான்

பதில்: ஏஐ இல்லாத புத்தகத்துக்கும் பக்க நம்பர் போட்டு குடுக்கும், அதனால நீங்க கண்ணால பாக்காத எதையும் அடிக்குறிப்புல போடாதீங்க. ரெண்டாவது கேள்விக்கு, தமிழ்ல எழுதுங்க. நீங்க எழுதறதை தப்புன்னு சொல்லக்கூடிய ஆளு உங்க ஊர்லதான் இருக்கார், அவர் படிக்கணும்ல.

கேள்வி: ஒரு இதழுக்கு அனுப்புனேன், "இரண்டாம்நிலை நூல்களையே நம்பியுள்ளது"ன்னு எழுதி திருப்பி அனுப்பிட்டாங்க. மனசே விட்டுப்போச்சு.
– மாணவி, உத்தங்குடி

பதில்: காரணம் எழுதி திருப்பியிருக்காங்கன்னா முழுசா படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்மா. உங்க கட்டுரையை நீங்க இணைச்சு அனுப்புனதுல பாத்தேன், மதுரை ஆலயப் பிரவேசம் பத்தினது, 1939 ஜூலை 8-ல வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவங்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனது வரைக்கும் நல்லா இருக்கு, ஆனா எல்லாமே பின்னாடி வந்தவங்க எழுதுன அஞ்சு புத்தகத்துலருந்து வந்திருக்கு, இரண்டாம்நிலைன்னு அவங்க சொன்னது அதைத்தான். அந்த ஜூலை மாசத்துப் பத்திரிகையை மட்டும் எடுங்க, சுதேசமித்திரன் கிடைக்குதான்னு பாருங்க, காந்தி மியூசியம் லைப்ரரியில கேளுங்க. எட்டாம் தேதிக்கு முன்னாடி ஒரு வாரம், பின்னாடி ஒரு மாசம், நாள் நாளா என்ன செய்தி வந்துச்சு, எதிர்த்தவங்க என்ன சொன்னாங்க, உள்ள போனவங்க பேச்சு எங்கயாவது பதிவாகியிருக்கான்னு குறிப்பெடுங்க. கட்டுரையோட முதல் ஆறு பக்கத்தை ரெண்டு பக்கமா குறைச்சுட்டு மிச்ச இடத்தை இதுக்கு குடுத்து, அதே இதழுக்கே திரும்ப அனுப்புங்க, என்ன மாத்துனேன்னு மேல ஒரு பாரா எழுதி.